பொழியூரிலிருந்து லண்டன்: என் எலும்பு மஜ்ஜை பறந்த 8,400 கிலோமீட்டர்

போன வாரம் பூவாறிலிருந்து ஒரு பெண் எனக்கு மின்னஞ்சல் எழுதியிருந்தார். அவருடைய அண்ணன் வெளிநாட்டில் நோயாகக் கிடக்கிறாராம். எலும்பு மஜ்ஜை கொடுக்க இவர் போக வேண்டுமாம். "திருவனந்தபுரத்திலிருந்து லண்டன் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம், உடம்பு தாங்குமா?" என்று கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. இதே காரணத்துக்காக யாராவது இதே தூரம் போக வேண்டியிருக்கலாம் என்பதால் பதிவாகவே போடுகிறேன்.

நான் போனது தொண்ணூறுகளின் நடுவில், தவக்காலம் தொடங்கும் முன். அப்போது பாறசாலையில், ரயில் நிலையம் போகிற சாலையில் இருந்த ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்தேன். பொழியூர்தான் வீடு. தினமும் காலையில் பஸ் பிடித்து வருவேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஆட்கள் நின்று மஸ்கட்டுக்கும் குவைத்துக்கும் பேசுவார்கள். நான் வெளியே மீட்டரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். உலகத்தின் எந்த ஊருக்கும் எண் சுழற்றிக் கொடுக்கத் தெரியும் எனக்கு. ஆனால் கொல்லத்துக்கு அப்பால் நான் போனதே இல்லை.

என் அக்கா பிலோமி லண்டனில் நர்ஸாக இருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அவளுக்கு இரத்தப் புற்றுநோய் என்கிற செய்தி அந்த பூத்துக்குத்தான் வந்தது. மருந்தில் ஒரு தரம் அடங்கிவிட்டுத் திரும்பவும் வந்துவிட்டதாம். கூடப் பிறந்தவர்களில் யாருடைய மஜ்ஜையாவது பொருந்தினால் பிழைக்க வழி உண்டு என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். கூடப் பிறந்தவர்கள் என்று அவளுக்கு அந்தோணி அண்ணனும் நானும்தான். அண்ணன் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவன். நல்ல ஆகிருதி. நான் காற்றடித்தால் ஆடுகிற உடம்பு.

என் இரத்தம்தான் எனக்கு முன்னால் லண்டன் போனது. பொருத்தம் பார்க்க இரத்தம் புதிதாக இருக்க வேண்டும், எடுத்து இரண்டு நாளுக்குள் அங்கே சேர வேண்டும் என்றார்கள். அக்காவோடு வேலை செய்த சாந்தா சேச்சி அப்போது விடுமுறையில் நெய்யாற்றின்கரைக்கு வந்திருந்தார். அங்கே பழைய சைவக் குடும்பம் அவர்களுடையது. சேச்சி திரும்பிப் போகிற நாள் காலையில் திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்கும் அண்ணனுக்கும் இரத்தம் எடுத்தார்கள். மதியம் விமானம். குழாய்கள் குளிரவும் கூடாது, சூடாகவும் கூடாது. சேச்சி அவற்றைக் கம்பளிச் சால்வையில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். லண்டனில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேராகப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாராம்.

பத்து நாள் கழித்து பூத்தில் மணி அடித்தது. சேச்சிதான்.

"செலின் மோளே, பக்கத்துல ஆரும் உண்டா?"

"இல்ல சேச்சி. சொல்லுங்கோ."

"அந்தோணிக்குச் சேரல்ல. உனக்கு முழுசும் சேருது."

சந்தோஷம் வந்ததாகச் சொல்லத்தான் ஆசை. முதலில் வந்தது பயம்தான். வெளியிலிருந்து வந்த, மீட்டர் ஓடாத அழைப்பு அது, என்றாலும் வழக்கம்போல் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணனிடம் சொன்னபோது அவன் வலையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "எனக்காக்கும் சேரும்ணு நெனச்சேன். இவ்வளவு பெரிய உடம்பை வச்சுகிட்டு என்ன பிரயோஜனம்," என்றான். அம்மா வேறு மாதிரி. "ஒரு பிள்ளை அங்க கெடக்கு. ஒன்னையும் அனுப்பிட்டு நான் யாரைப் பாத்துகிட்டு இருக்கதாக்கும்?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கே என் துணிகளைத் துவைத்துப் போட்டாள்.

இன்னொரு சங்கதியும் இருந்தது. ஈஸ்டர் முடிந்ததும் எனக்குக் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை பூவாறில் வள்ளத்து எஞ்சின் பழுது பார்க்கிற ஸ்டீபன். எலும்புக்குள்ளிருந்து சத்தை உறிஞ்சிவிட்டால் இந்தப் பெண் பிள்ளை பெறுமா என்று அவர்கள் வீட்டில் பேச்சு எழுந்தது. ஸ்டீபன் யாரிடமும் சொல்லாமல் நெய்யாற்றின்கரைக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் தானாக ஊறிவிடும், வேறு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொன்னதை அவர் அம்மாவிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார். அம்மா நம்பவில்லை. அவர் நம்பினார். பூத்துக்கு வந்து கவுண்டருக்கு வெளியே நின்று, "போயிட்டு வா. ஈஸ்டர் எல்லா வருசமும் வரும்," என்றார். கல்யாணம் பேசிய பிறகு அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பாஸ்போர்ட் திருவனந்தபுரத்தில் அவசரத்தில் கிடைத்தது. விசாவுக்கு மெட்ராஸ் வரை ரயிலில் போக வேண்டியிருந்தது, அண்ணன் துணைக்கு வந்தான். லண்டன் ஆஸ்பத்திரி அனுப்பிய கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு அதிகம் கேள்வி கேட்காமல் விசா கொடுத்துவிட்டார்கள். விமான டிக்கெட்டை அக்காவோடு வேலை செய்கிற நர்ஸுகள் சேர்ந்து எடுத்துக் கொடுத்தார்கள். அன்றைய கட்டணத்தை எழுதினால் இன்று யாருக்கும் உதவாது, விட்டுவிடுகிறேன்.

இனி பயணம். பொழியூரிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் கடற்கரைச் சாலை வழியாக ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். பூவாறு, விழிஞ்ஞம், கோவளம் என்று போகும். நண்பகல் பன்னிரண்டுக்குக் கிளம்பினோம். அம்பாசிடர் கார், அம்மாவும் அண்ணனும் நானும். கடல் அரித்த இடத்தில் சாலை பாதிதான் இருந்தது, அதில் ஏறி இறங்கிப் போக வேண்டும். ஓட்டியவர் பூவாறு சுகுமாரன்.

"லண்டனுக்கு எத்தர நேரம் பிடிக்கும்?" என்று கேட்டார்.

"இப்ப கெளம்பினா நாளைக்கு ராத்திரி எட்டு மணி ஆகும், நம்ம கணக்குக்கு," என்றேன்.

அவர் கியரை மாற்றினார். "கொல்லத்துல மாமன் சாகக் கெடக்காருண்ணு விளிச்சாங்க. நூறு கிலோமீட்டர்கூடத் தெகையாது. அன்னைக்கு பந்த் ஆக்கும். நான் போய்ச் சேர ஒண்ணரை நாள் ஆச்சு. அடக்கத்துக்குத்தான் போனேன். நீங்க சமயத்துக்குப் போயிருவீங்க, கேட்டியளா."

அம்மா அதுவரை ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தவள், "நல்ல வார்த்தை சொன்னியே, கர்த்தர் ஒன்ன காப்பாத்தட்டும்," என்றாள்.

முதல் கட்டம் திருவனந்தபுரத்திலிருந்து பம்பாய். ஆகாய வழியில் சுமார் 1,250 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். விமானம் மூன்று மணிக்குப் புறப்பட்டது. இந்த விமான நிலையத்தின் ஓடுபாதை கிட்டத்தட்ட கடல்வரை போகும். மேற்கே பார்த்து ஏறினால் சக்கரம் தரையை விட்ட கொஞ்ச நேரத்தில் கீழே தண்ணீர்தான். எனக்கு இடது பக்க ஜன்னல் கிடைத்திருந்தது. அது அதிர்ஷ்டம். தெற்கே முழுக் கரையும் தெரிந்தது. விழிஞ்ஞத்துப் பாறைகள், அதற்கு அப்பால் நெய்யாறு கடலில் விழுகிற இடத்தில் நகக்கீறல் போல ஒரு மணல்திட்டு. அதற்கும் கொஞ்சம் தள்ளி எங்கள் ஊர் இருக்க வேண்டும். வீடுகள் தெரியவில்லை. தென்னைகளின் பச்சையும் நுரையின் வெள்ளையும் ஒரே கோடாகப் போயின. கடலில் புள்ளி புள்ளியாக வள்ளங்கள். அண்ணன் பாதி இரவு தாண்டிப் போய்ச் சேர்கிற மீன்பிடிக்கும் இடத்தை, நான் மூச்சை இழுத்து விடுவதற்குள் கடந்துவிட்டேன். என்னால் அதை நம்ப முடியவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் மலையாளப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு காட்சி வெளியே இருக்கும்போது ஒருவரால் எப்படிப் பத்திரிகை படிக்க முடிகிறது என்று எனக்குப் புரியவில்லை.

பம்பாயில் உள்நாட்டு நிலையமும் வெளிநாட்டு நிலையமும் தனித்தனி. பஸ்ஸில் ஏறிப் போக வேண்டும். லண்டன் விமானம் மறுநாள் காலை ஏழு மணிக்கு. அதுவரை நாற்காலியில் இருந்தேன். அம்மா கட்டிக்கொடுத்த அவலும் பழமும் இருந்தன. பெட்டியைக் காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, யாராவது தும்மினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன். சளி பிடித்தால் காரியம் கெட்டுவிடும் என்று சேச்சி பலமுறை சொல்லியிருந்தார்.

பம்பாயிலிருந்து லண்டன் ஏறக்குறைய 7,200 கிலோமீட்டர், பத்து மணி நேரம். திருவனந்தபுரத்திலிருந்து லண்டனுக்கு நூல் பிடித்தது போல் அளந்தால் 8,400 வரும். நான் பம்பாயில் மாறியதால் கொஞ்சம் கூட. எண்கள் இவ்வளவுதான். ஆனால் அந்தப் பத்து மணி நேரத்தில் நடந்த ஒன்றை எண்ணால் சொல்ல முடியாது. காலையில் கிளம்பி மேற்கே போகிறோம், சூரியனும் மேற்கே போகிறது. அதனால் வெளியே காலை முடியவே இல்லை. என் கைக்கடிகாரத்தில் மதியம் ஆனது, மூன்று ஆனது, வெளியே அதே இளவெயில். பாலைவனம் வந்தது, ஒரு மரம் இல்லை. பிறகு மலைகள், அவற்றின் மேல் வெள்ளை. அது பனி என்று புரிய எனக்கு நேரம் பிடித்தது. உப்பளம் என்று நினைத்தேன்.

அந்த மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. என் இடுப்பெலும்புக்குள் இருக்கிற ஏதோ ஒன்று, நான் உண்டாக்காதது, நான் பார்த்தே இராதது, இந்த மலைகளைத் தாண்டி அக்காவிடம் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் மரச்சீனிக்கிழங்கும் மீனும் தின்று ஊறியது அது. நான் அதற்கு ஒரு பெட்டி மாதிரி. பயம் அதற்குப் பிறகு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயத்தைவிடப் பெரிதாக ஒன்று வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

லண்டனில் இறங்கும்போது அங்கே பதினொன்றரை, நம் ஊரில் மாலை ஐந்து. குடியேற்ற வரிசையில் இருந்த அதிகாரி கடிதத்தைப் படித்தார், என்னை ஒருமுறை பார்த்தார், முத்திரை குத்தினார். வெளியே சாந்தா சேச்சி தடிமனான ஒரு கோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். வீட்டு வாசலிலிருந்து அக்காவின் அறை வாசல் வரை முப்பத்திரண்டு மணி நேரம். அதில் ஆகாயத்தில் இருந்தது பன்னிரண்டுதான். மிச்சமெல்லாம் காத்திருப்பு.

அக்காவுக்கு முடி இல்லை. புருவமும் இல்லை. கண்களை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

"பிள்ளே, பிளேன்ல பயந்தியா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. நான் மொதல்ல வந்தப்ப அழுதேன்," என்றாள். பிறகு, "அம்மா சாப்பிடுதாளா?" என்றாள்.

மறுநாள் ஒரு டாக்டர் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். சேச்சி மொழிபெயர்த்தார். டாக்டர் சொன்னது இதுதான்: நாளை முதல் அக்காவுக்குக் கொடுக்கப்போகிற மருந்தும் கதிர்வீச்சும் அவளுடைய மஜ்ஜை முழுவதையும் அழித்துவிடும். பிறகு அது திரும்ப வராது. இன்று நீங்கள் மாட்டேன் என்று சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டாம், உங்கள் அக்காவிடம் நாங்களே வேறு ஏதாவது சொல்லிக்கொள்வோம். நாளைக்குப் பிறகு சொல்லக் கூடாது. சொன்னால் அவர் இறந்துவிடுவார்.

என் வாழ்க்கையில் என்னிடம் இவ்வளவு மரியாதையாக யாரும் ஒன்றைக் கேட்டதில்லை. "சம்மதம்ணு சொல்லுங்கோ சேச்சி," என்றேன்.

"நீ அவங்க முகத்தைப் பாத்துச் சொல்லு," என்றார் சேச்சி. சொன்னேன். ஆங்கிலத்தில் ஒரே ஒரு வார்த்தைதானே.

அதற்குப் பிறகு வந்த எட்டு நாளில்தான் தூரம் என்றால் என்ன என்று தெரிந்தது. அக்காவின் உடம்பில் அவளுடையது அழிந்துகொண்டிருந்தது. அவளுக்கு வேண்டியது என்னிடம் இருந்தது. சேச்சியின் வீட்டுக்கு வெளியே பனி உறைந்து வழுக்கியது. நான் விழுந்துவிட்டால்? எனக்குக் காய்ச்சல் வந்தால்? சேச்சி என் கையைப் பிடிக்காமல் சாலையைக் கடக்க விடமாட்டார். "நீ இப்ப உனக்குச் சொந்தமில்லை, கேட்டியா," என்பார்.

மஜ்ஜை எடுத்தது மயக்கம் கொடுத்துத்தான். விழித்தபோது இடுப்பில் யாரோ உலக்கையால் இடித்தது போல் வலி. அதைத் தவிர ஒன்றுமில்லை. ஒரு நர்ஸ் என் கட்டில் அருகே வந்து, எடுத்துக்கொண்டு போகும் முன் என்னிடம் மஜ்ஜைப் பையைக் காட்டினார். கறுத்த சிவப்பு. கையால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இளஞ்சூடாக இருந்தது. பிறகு அதை ஏந்திக்கொண்டு நடைவழியில் நடந்து போனார். அக்கா இரண்டு மாடி மேலே இருந்தாள். லிஃப்டில் ஏறி அவள் அறைக்குப் போக ஐந்து நிமிடம் ஆகும். பொழியூரிலிருந்து கிளம்பிய பயணத்தின் கடைசி ஐந்து நிமிடம் அது என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போனது.

ஆபரேஷன் இல்லை, தையல் இல்லை. குளுக்கோஸ் ஏற்றுவதுபோல் நரம்பில் ஏற்றினார்கள். உள்ளே போனதும் அது தானாக எலும்பைத் தேடிப் போய் உட்காரும் என்றார் சேச்சி. யார் வழி சொன்னார்கள் அதற்கு என்று கேட்டேன். அது இன்னும் டாக்டர்களுக்கே சரியாகத் தெரியாது என்றார்.

பிறகு காத்திருந்தோம். முதல் வாரம் அவள் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை. இரண்டாவது வாரம் கடும் காய்ச்சல். வாயெல்லாம் புண், பேச முடியாது. நான் முகக்கவசம் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். ஒரு மாலை டாக்டர்கள் அறைக்கு வெளியே நின்று நெடுநேரம் பேசினார்கள். சேச்சி எனக்கு மொழிபெயர்க்கவில்லை. அன்றைக்கு ஊருக்கு போன் செய்தேன். பூத்தில் அண்ணன் காத்திருந்தான். "எப்படி உண்டு?" என்றான். "உண்டு," என்றேன். உயிரோடு இருக்கிறாள் என்பதற்கு அதைவிட வேறு சொல் வரவில்லை.

மூன்றாவது வாரக் கடைசியில், காலைச் சோதனையில், அணுக்கள் தெரிந்தன. மிகக் கொஞ்சம். மறுநாள் கொஞ்சம் கூட. அதற்கு மறுநாள் இரு மடங்கு. அன்று வந்த டாக்டர் அம்மா என்னைக் காட்டி, "இவை எல்லாம் உங்களுடையவை," என்றார். அது எனக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்தது.

அதிலிருந்து ஆறு வாரம் கழித்து ஊர் திரும்பினேன். அந்த ஈஸ்டர் போய்விட்டது. ஓணத்துக்கு முன் பொழியூர் மாதா கோவிலில் கல்யாணம் நடந்தது. ஸ்டீபனின் அம்மா என் மூத்த மகள் பிறக்கும்வரை என் இடுப்பைச் சந்தேகமாகவே பார்த்தார்.

இனி போகிறவர்களுக்குச் சில சொற்கள். இன்று பெரும்பாலானவர்கள் வளைகுடா ஊர் ஒன்றில் மாறிப் போகிறார்கள், பம்பாயில் ராத்தங்க வேண்டியதில்லை. ஆனாலும் மாறுகிற இடத்தில் போதுமான நேரம் விடுங்கள், ஓடவேண்டி வரக் கூடாது. ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் பெட்டியில் போடாமல் கையில் வையுங்கள். திருவனந்தபுரத்தில் ஏறும்போது இடது ஜன்னல் கேளுங்கள். மஜ்ஜை கொடுத்துவிட்டுத் திரும்பும்போது ஒரு சிறு தலையணை வேண்டும், பத்து மணி நேரம் ஒரே இருப்பில் இருக்க இடுப்பு விடாது, அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும். இப்போது பலருக்குக் கையிலிருந்து இரத்தம் எடுப்பதுபோலவே எடுத்துவிடுகிறார்களாம், உங்களுக்கு எப்படி என்று டாக்டரிடம் கேளுங்கள். உடம்பு தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். என் உடம்பு தாங்கியது. எட்டாயிரத்து நானூறு கிலோமீட்டர் பெரிய தூரம்தான். ஆனால் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தூரம்.

அக்கா இரண்டு வருடம் கழித்து கிறிஸ்துமஸுக்கு வந்தாள். முடி முளைத்திருந்தது, முன்பு இல்லாத சுருட்டை. வந்த அன்றே சொன்னாள், அவளுடைய இரத்தம் முன்பு பி பிரிவாக இருந்ததாம், மெல்ல மெல்ல மாறி இப்போது ஓ ஆகிவிட்டதாம், என்னுடையது போல. அம்மாவுக்கு இதை விளக்க முயன்றோம். அவள் கேட்டுக்கொண்டே சாளை மீன் கழுவினாள்.

மறுநாள் அக்கா பிடிவாதமாகத் தானே மீன் நறுக்க உட்கார்ந்தாள். பழக்கம் விட்டுப்போயிருந்தது. கத்தி விரலில் பட்டு இரத்தம் வந்தது. அம்மா ஓடி வந்து அவள் விரலைத் தன் சேலைத் தலைப்பால் அழுத்திப் பிடித்தாள். பிடித்தபடியே திரும்பி, எதிரே நின்ற என்னைப் பார்த்து, "வலிக்குதா பிள்ளே?" என்று கேட்டாள்.